கோட்டுப் பையில் ஒரு கீச்சொலி

காலை 9.15.

இரும்பு அலமாரியைத் திறந்தவர் சோதனைக் கருவிகளை இயக்கும், எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிற ஆள். சாவி பிடித்த கையைக் கீழே இறக்காமல் அப்படியே நின்றார். முந்தின நாள் மாலை பூட்டிய இரண்டு சின்னப் பெட்டிகளும் வைத்த இடத்தில்தான் இருந்தன. நீலப் பொட்டு ஒட்டிய பெட்டிக்குள் ஒரு ஜோடி இயர்பட் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. சிவப்புப் பொட்டு ஒட்டிய பெட்டிக்குள் இரண்டு குழிகள் மட்டும் இருந்தன.

"மேடம்! பழசைக் காணோம்!"

அது பொருள்களைச் சோதித்து எழுதும் ஒரு மாதப் பத்திரிகையின் சோதனைக்கூடம். மிக்ஸியிலிருந்து மெத்தை வரை கடையில் காசு கொடுத்து வாங்கி, நனைத்து, உருட்டி, உடைத்துப் பார்த்துவிட்டு, வாங்கலாமா வேண்டாமா என்று உள்ளதை உள்ளபடி எழுதுவார்கள். விளம்பரம் வாங்குவதில்லை. அந்த மாதத்துக் கேள்வி இது: போன வருடம் வந்த வயர் இல்லாத இயர்பட்டைவிட, அதே கம்பெனி இந்த வருடம் இரண்டு மடங்கு விலைக்கு விடுகிற புதுசு உண்மையிலேயே நன்றாகப் பாடுகிறதா? பழசின் விற்பனை நின்றுபோய்விட்டது. கையில் இருந்தது ஒரே ஒரு ஜோடி. அதைத்தான் காணோம்.

காலை 9.30.

எல்லோரும் தேநீர் அறையில் கூடியிருந்தார்கள். மீசைதான் வழி சொன்னார்.

"சோதனை ஃபோன்ல ‘தேடு’ன்னு ஒரு பட்டன் இருக்கு மேடம். அமுக்கினா, தொலைஞ்ச இயர்பட் பக்கத்துல எங்க இருந்தாலும் கத்தும்."

அமுக்கினார். ஊசியால் காதைக் குத்தினாற்போல ஒரு கீச்சொலி கிளம்பியது. ஒலி கேட்டுச் சொல்ல வரும் வயலின் டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எல்லோர் கண்ணும் ஒரே கோட்டுப் பையில் போய் நின்றது. கோட்டுக்குச் சொந்தக்காரரோ தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவர் பெயர் வாசகர்கள் நடுவே தங்கக்காது. இருபத்திரண்டு வருடமாக அந்தப் பத்திரிகைக்குத் தலைமைக் கேட்பாளர். ஸ்பீக்கர், ரேடியோ, ஹெட்ஃபோன் எதுவானாலும் அவர் நன்றாக இருக்கிறது என்றால் கடையில் வரிசை நிற்கும். நன்றாக இல்லை என்றால் கம்பெனிக்காரன் தலையில் துண்டு விழும்.

பத்திரிகை ஆசிரியையே அவர் பைக்குள் கையை விட்டார். கைக்குட்டைக்கும் இருமல் மிட்டாய்க்கும் நடுவிலிருந்து சிவப்புப் பொட்டு வைத்த இரண்டும் வெளியே வந்தன.

கையும் களவுமாக மாட்டியவர் முகம் எப்படியிருக்கும் என்று எல்லோரும் பார்த்தார்கள். முதலில் அதில் வியப்பு இருந்தது. அப்புறம் அதுவும் வடிந்துபோனது.

காலை 10.20.

தங்கக்காதின் தங்கை ஆட்டோவிலிருந்து இறங்கினாள். ஆஸ்பத்திரி ஒன்றில் காது சோதித்து, கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துவது அவள் வேலை. நோயாளிகளுக்கு அவள் காதக்கா. ஐம்பத்திரண்டு வயதில் எண்பது வயதுக்காரரும் அக்கா என்று கூப்பிடுவதை அவள் கோபித்துக்கொண்டதில்லை.

அண்ணனோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. சண்டை என்று ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்கு ஆறாத கோபம். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே ஒரு நாள் யாரையோ பார்க்க வந்தவர், நடைவழியில் அவள் பின்னாலிருந்து "அண்ணா, அண்ணா" என்று கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அத்தனை பேர் முன்னால் அவளுக்கு முகம் செத்துப்போனது. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை, எழுதித்தான் அனுப்புவார். பெரிய மனுஷனாகிவிட்டார், போகட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். ஆனாலும் ஆசிரியை கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும், பாதிச் சோதனையில் இருந்த நோயாளியைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்திருந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்.

ஆசிரியை சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை.

"பன்னிரண்டு மணிக்கு நிர்வாகக் குழு கூடுது. அதுக்குள்ள அவர் ஒரு காரணம் சொல்லலைன்னா போலீஸுக்குத்தான் சொல்லியாகணும். எத்தனையோ கேட்டுப் பார்த்துட்டேன். செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி உக்காந்திருக்கார்."

"அவர் எதுக்கு அதைத் திருடணும்?"

"திரும்பச் சோதிக்க விடக்கூடாதுன்னுதான். இதைப் பாருங்க."

ஐந்து தாள்களை மேசையில் பரப்பினார். சோதனை நடக்கும் விதத்தையும் சொன்னார். இரண்டு ஜோடிக்கும் ஒரே மாதிரிக் கறுப்பு உறை. சிவப்புப் பொட்டு எது, நீலப் பொட்டு எது என்பது ஆசிரியைக்கு மட்டும் தெரியும், அதுவும் ஒட்டிய கவருக்குள். ஐந்து கேட்பாளர்கள் ஒவ்வொருவராகச் சத்தம் புகாத ஊமை அறைக்குள் போய்க் கேட்டு, எழுதிக் கொடுப்பார்கள். நேற்று கவரைப் பிரித்தபோது நீலம் புதுசு. நான்கு பேர் எழுதியது ஒரே வார்த்தை: வித்தியாசமில்லை. ஐந்தாவது தாளில் மட்டும் அரைப் பக்கத்துக்கு நீலத்தின் புகழ்.

"நாலு பேருக்குக் கேக்காதது அவருக்கு மட்டும் கேட்டிருக்கு. கம்பெனிக்காரன் ஏதாவது கவனிச்சிருப்பானோன்னு எனக்கு உறுத்துச்சு. நேத்து சாயங்காலமே சொல்லிட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு மறுசோதனை, இயக்குறதுக்கு வெளியாள், நம்ம மீசைகூட அறைப் பக்கம் வரக்கூடாதுன்னு. விடிஞ்சா பழசைக் காணோம்."

காதக்கா அண்ணனின் கையெழுத்தைப் பார்த்தாள். முத்து முத்தாக இருந்தது. ‘நீலத்தில் பதினைந்தாயிரத்துக்கு மேலே ஒரு மெல்லிய வெள்ளி இழை அறாமல் ஓடுகிறது. சிவப்பில் அது வழியிலேயே அறுந்துவிடுகிறது.’

பதினைந்தாயிரம் என்பது ஒலி எத்தனை உச்சியில் இருக்கிறது என்பதற்கான கணக்கு. எண் ஏற ஏற ஒலி மெலிந்து கீச்சென்று ஆகும். காதக்கா அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"கீச்சுன்னு கத்துச்சே, அப்ப இவர் என்ன பண்ணார்?"

பதில் வயலின் டீச்சரிடமிருந்து வந்தது. ஐந்து கேட்பாளர்களில் அவரும் ஒருவர். "அதான் எனக்குத் தாங்கலை. என்ன நெஞ்சழுத்தம்! பையில கத்துது, மனுஷன் பாட்டுக்கு டீ குடிக்கிறார்."

காலை 10.45.

அண்ணனைப் பழைய இதழ்கள் அடுக்கிய அறையில் உட்காரவைத்திருந்தார்கள். காதக்கா ஜன்னலோரம் போய் நின்றாள்.

"இந்தப் பக்கம் வந்து நில்லு. வெளிச்சம் கண்ணைக் கூசுது."

மூன்று வருடம் கழித்து அண்ணன் பேசிய முதல் பேச்சு அது. அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எடுத்தியா?"

"எடுத்தேன்னு எழுதிக்கச் சொல்லு."

"நான் கேட்டது அது இல்ல. எடுத்தியா?"

"அதான் சொல்றேனே, எழுதிக்கட்டும்."

கோபத்தில் அவள் கைப்பையைத் தட்டிவிட்டாள். பேனா உருண்டு மேசைக்கடியில் போனது. குனிந்து எடுத்துக்கொண்டே, "கம்பெனிக்காரன்கிட்ட கை நீட்டினியா?" என்று கேட்டாள். பதில் இல்லை. அண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வரவேண்டிய கேள்வி. நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. அவள் எப்போது நிமிர்வாள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

காதக்கா பேனாவை மேசைமேல் வைத்தாள். எழுந்தாள். அவர் பின்னால் போய்க் கோட்டுக் காலரைச் சரிசெய்வதுபோல நின்று, வலது காதுக்கு ஒரு சாண் தள்ளிக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று உரசினாள். ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் செய்கிற காரியம். சருகு நொறுங்குகிறாற்போல ஒரு சத்தம் வரும். நல்ல காதுள்ளவன் தலையைத் திருப்புவான். அவர் திருப்பவில்லை. இடது காதோரம் உரசினாள். அதற்கும் அசையவில்லை.

உலகத்துக் காதையெல்லாம் பார்த்தவள் தன் அண்ணன் காதைப் பார்க்கவில்லை. நடைவழியில் திரும்பாமல் போன அந்த முதுகு அவள் கண்முன் வந்து நின்றது. மூன்று வருடம் அவள் ஊட்டி வளர்த்த கோபத்துக்கு இப்போது போக்கிடம் இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

முன்னால் வந்து, அவர் முகத்துக்கு நேராக, சத்தமே இல்லாமல் உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டாள்: "எத்தனை நாளா?"

பதில் சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

"மூணு வருஷம்" என்று சொல்லிவிட்டார். "ஆம்பளைக் குரல் கொஞ்சம் முனகலாக் கேக்கும். மத்ததெல்லாம் போச்சு. மெல்லிசா எது வந்தாலும் இல்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? என் தொழிலே அதுதானேண்ணா!"

"சொன்னா கருவி மாட்டிவிடுவே. கருவி மாட்டினவன் சொல்றதை எவன் கேப்பான்?" அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இதோ பாரு. திருடன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். திருடன் திருந்திட்டான்னு நாளைக்குச் சேத்துக்குவாங்க. செவிடன்னு மட்டும் சொல்லிடாதே. இருபத்திரண்டு வருஷம் அப்படியே புகையாப் போயிரும்."

காதக்கா தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

காலை 11.05.

ஊமை அறை என்பது சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்த, வெளிச்சத்தம் நுழையாத ஒரு சின்ன அறை. நடுவில் ஒரு நாற்காலி. அதற்கு எதிரே கெட்டியான இரட்டைக் கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இயக்குகிறவரின் இடம். அங்கே மீசை, மீசை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கழுத்துவரை மட்டும் இருக்கும் ஒரு ரப்பர் தலை. அதன் இரு காதுக்குள்ளும் மைக். இயர்பட்டை அதன் காதில் மாட்டினால் எந்த ஒலி எவ்வளவு வருகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டும்.

"மீசைன்னு கூப்பிடுறாங்க, மீசையையே காணோமே?" என்று காதக்கா ஆரம்பித்தாள்.

அவர் சிரித்தார். "எடுத்து மூணு வருஷம் ஆச்சு மேடம். எல்லாம் உங்க அண்ணன் தொல்லைதான். ‘உன் மீசைக்குள்ள மாட்டி வார்த்தையெல்லாம் மூச்சுத் திணறுதுய்யா’ன்னு நச்சரிச்சு எடுக்க வச்சுட்டார். மீசை போச்சு, பேரு போகலை."

"இன்னைக்குக் காலையில அவர் எத்தனை மணிக்கு வந்தார்?"

"எட்டரை. வழக்கம்போலக் கோட்டை வெளிய கொக்கியில மாட்டிட்டு முகம் கழுவப் போனார். எட்டு நாப்பதுக்குக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஊமை அறைக்குள்ள போனார். உள்ள குளிரும். சோதனை அன்னைக்கு அரை மணி நேரம் சும்மா உக்காந்து காதைக் கழுவிக்கணும்பார். ஒம்பது பத்துக்கு வெளிய வந்தார்."

"உள்ள ஃபோன் கொண்டு போவாரா?"

"யாருமே கொண்டு போகக்கூடாது. வாசல்ல தட்டு இருக்கு, அதுல போட்டுட்டுத்தான் போகணும்."

"அலமாரிச் சாவி?"

"என் டிராயர்ல. எல்லாருக்கும் தெரியும்."

"சோதனை ஃபோன்? அதையும் எல்லாரும் எடுக்கலாமா?"

"அது மட்டும் நடக்காது." மீசைக்கு முகத்தில் பெருமை வந்தது. "எவனாவது சத்தத்தைக் கூட்டிக் குறைச்சு வச்சிட்டா சோதனையே வீணாயிரும். என் விரலை வச்சாத்தான் திறக்கும். ராத்திரி பூரா சார்ஜ்ல கிடந்துச்சு. ஒம்பதரைக்கு எல்லார் முன்னாலயும் தேடுறதுக்கு எடுத்தேன். அதுக்கு முன்னால தொடவே இல்ல."

"தேடு பட்டன் ரொம்ப தூரத்துக்கு வேலை செய்யுமா?"

"பத்துப் பன்னெண்டு அடி. நடுவுல இந்தக் கண்ணாடி இருந்தாலும் பரவாயில்ல."

எழுந்தபோது மீசை கைப்பழக்கத்தில் ஊமை அறை விளக்கை அணைத்தார். உள்ளே இருட்டானதும் இந்தப் பக்கத்து முகங்கள் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தன. காதக்கா அதில் பார்த்துத் தன் நரைத்த முன்மயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

காலை 11.20.

"ஊமை அறையில சத்தத்தைப் பதிவு பண்ற மெஷின் இருக்கா?" என்று ஆசிரியையிடம் கேட்டாள்.

"இருக்கு. சோதனை நடக்கும்போது மட்டும்தான் ஓடும்." ஆசிரியை நெற்றியைத் தேய்த்தார். "இருங்க, நேத்து ஏசி மெக்கானிக் வந்தான். உர்ர்னு ஒரு சத்தம் வருது, எந்த நேரத்துல வருதுன்னு தெரியணும், ராத்திரி பூரா ஓடட்டும்னான். ஆறு மணிக்கு நான்தான் போட்டுவிட்டேன். மீசை அதுக்கு முன்னாலயே கிளம்பிட்டார்."

திரையில் கோடு ஒன்று விரிந்தது. இரவு முழுக்க வழித்துவிட்ட தரைபோல அமைதி. 8.40க்குக் கதவுச் சத்தம். அதன் பிறகு ஒரு மனிதனின் மூச்சு. 8.52க்கு உச்சியில் ஊசிபோல ஒன்று எழுந்து, பன்னிரண்டு நொடி நின்று, படுத்தது. பிறகும் அதே மூச்சு.

காதக்கா மணியைப் பார்த்தாள். அண்ணனைக் காப்பாற்ற ஒரு வழி கிடைத்திருந்தது. அவர் கேட்டுக்கொண்டதை மீறாமலே காப்பாற்றிவிடலாம் என்று அவள் நம்பினாள்.

காலை 11.40.

எல்லோரையும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கூட்டினாள். ஆசிரியை, வயலின் டீச்சர், மீசை. ஓரத்து ஸ்டூலில் அண்ணன். ஊமை அறைக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சிவப்புப் பொட்டு இயர்பட் இரண்டையும் கைக்குட்டையில் சுற்றி உள்ளே நாற்காலியின் மேல் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"மீசை சார், ஒரு தடவை அமுக்குங்க."

மீசை விரலை வைத்து ஃபோனைத் திறந்து பட்டனை அமுக்கினார். திரையில் ஊசி எழுந்தது. காதக்கா அதற்குப் பக்கத்திலேயே காலை 8.52ன் ஊசியை விரித்தாள். அச்சில் வார்த்தாற்போல இரண்டும் ஒன்று.

"காலையில 8.52க்கு இந்த இயர்பட் ஊமை அறைக்குள்ள, அண்ணன் பையில கத்தியிருக்கு. யாரோ தேடு பட்டனை அமுக்கியிருக்காங்க. பழசைக் காணோம்னு தெரிஞ்சது 9.15க்கு. தொலையாத பொருளை 8.52க்கு எவன் தேடுவான்?"

காதக்கா மீசையின் கையிலிருந்த ஃபோனைக் காட்டினாள்.

"எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சவன்தான். சரியாக் கத்துதான்னு ஒத்திகை பார்த்திருக்கான். அந்த ஃபோன் திறக்க ஒரே ஒரு விரல்தான் இருக்கு. ஒம்பதரைக்கு முன்னால தொடவே இல்லைன்னு அந்த விரலுக்குச் சொந்தக்காரரே என்கிட்டச் சொன்னார். எட்டரைக்கு அண்ணன் முகம் கழுவப் போனப்ப கோட்டு கொக்கியில தொங்கிச்சு. அப்பத்தான் உள்ள போட்டிருக்கார்."

மீசையின் முகம் வெளுத்தது. காதக்கா மூச்சு விட்டாள். இத்தோடு முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும். ஆனால் ஆசிரியை இருபது வருடமாகப் பொருள்களில் ஓட்டை கண்டுபிடித்தே பழகியவர்.

"இருங்க. பன்னெண்டு நொடி. ஊமை அறையில மூச்சு விட்டாலே இடி மாதிரிக் கேக்கும். உங்க அண்ணன் பையில கத்தியிருக்கு, அவர் அசையவே இல்ல. அது என்னன்னு பார்க்கக்கூடவா தோணாது? அப்ப அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்ச வேலைதானே?"

மீசை அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். "ஆமா மேடம். அவர் சொல்லித்தான் செஞ்சேன். என்ன சொன்னாலும் செய்வேன்னு அவருக்குத் தெரியும்."

காப்பாற்ற வந்த கோடே கழுத்தைச் சுற்றிக்கொண்டது. இனி ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. காதக்கா அண்ணனைப் பார்த்தாள். அவர் கண் அவள் உதட்டின் மேலேயே இருந்தது, லேசாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார்.

திருட்டுப் பட்டத்தோடு போலீஸ் வண்டியில் ஏறும் அண்ணனை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதைவிட, செய்யாததைச் செய்தார் என்று ஒருவன் அவர் தலைமேல் ஏற்றிவைத்த பொய்யை அவளால் பொறுக்க முடியவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல நெஞ்சில்லை. அவருக்குத் தெரியாமலாவது சொல்வோம் என்று அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. மீசை செய்வதுபோலவே ஊமை அறை விளக்கை அணைத்தாள்.

"அவருக்குக் கேக்கலை மேடம். அவருக்குக் காது கேக்காது. மூணு வருஷமாச்சு."

வயலின் டீச்சர் கையால் வாயை மூடிக்கொண்டார்.

"நீங்க எல்லாரும் அவர் எழுதின தாளைப் படிச்சீங்க. பதினஞ்சாயிரத்துக்கு மேல வெள்ளி இழை ஓடுதாம். அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயசு. அந்த வயசுல எந்த மனுஷக் காதுக்கும் அது கேக்காது. தங்கக்காதா இருந்தாலும் சரி, வைரக்காதா இருந்தாலும் சரி. அதைக் கேட்டது அந்த ரப்பர் தலை. திரையில வந்த கோட்டைப் பார்த்து மீசை சார் இந்தக் கண்ணாடி வழியா உதட்டை அசைச்சுச் சொல்லுவார். சத்தம் கண்ணாடியைத் தாண்டாது. உதடு தாண்டும். அதுக்குத்தான் மூணு வருஷத்துக்கு முன்னால அந்த மீசை போச்சு. உதடு தெரியணுமே!"

யாரும் மீசையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இத்தனை நாளும் அவர் உதட்டை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"இன்னைக்கு மறுசோதனைக்கு வெளியாள் வர்றதா இருந்துச்சு. வந்திருந்தா அண்ணன் மாட்டுவார். எப்படி இத்தனை நாள் சமாளிச்சார்னு அடுத்த கேள்வி வரும், அதுல மீசை சார் மாட்டுவார். அண்ணன் திருடன்னு வெளிய போயிட்டா அந்தக் கேள்வியே வராது. இயர்பட்டைப் போட அவர் பைதான் தோதான இடம். இந்த ஆபீஸ்ல தன் பையில எது கத்தினாலும் தெரியாத ஒரே ஆள் அவர்தான்."

மீசை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மறுக்கவில்லை. வந்தது கோபம்தான்.

"முதல் மாசம் பரிதாபப்பட்டுத்தான் மேடம் செஞ்சேன். ஒரு இதழுக்கு மட்டும்னார். முப்பத்தாறு இதழ் ஆச்சு. நான் பார்த்துச் சொல்வேன், அவர் வெள்ளி இழை, பனித்துளின்னு எழுதுவார். விருது அவருக்கு. வாசகர் கடிதம் அவருக்கு. எனக்கு? மீசை போனதுதான் மிச்சம். இத்தனைக்கும் அப்புறம் அவரோட சேர்ந்து நானும் தெருவுக்குப் போகணுமா? திருடன்னா ஆறு மாசத்துல மறந்துருவாங்க. அவரும் அதைத்தானே விரும்புவார்? அவருக்கு நல்லதுன்னுதான் நினைச்சேன்."

கடைசி வார்த்தையை அவர் நிஜமாகவே நம்பிச் சொன்னார் என்பதுதான் கொடுமை.

ஆசிரியை முப்பத்தாறு இதழ்களையும் மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார் போலிருந்தது. பிறகு வயலின் டீச்சரிடம் கேட்டார்: "நீங்க சொல்லுங்க. உங்க காதுல, புதுசு நல்லா இருக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். ரப்பர் தலைக்கு வாங்கறதா இருந்தா புதுசு வாங்கலாம்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆசிரியை அந்தப் பதிலை அப்படியே குறித்துக்கொண்டார். எழுந்து போகும்போது அண்ணனின் தோளைத் தொட்டு, அவர் முகத்துக்கு நேரே குனிந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல வாயை அகல அகலத் திறந்து, "போலீஸ் வராது. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். அந்த மரியாதைதான் இனிமேல் அவருக்குக் கிடைக்கப்போகிற மரியாதை.

காதக்கா திரும்பினாள். ஸ்டூலில் இருந்த அண்ணன் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, அவள் இவ்வளவு நேரமும் பார்த்து நின்றிருந்த இரட்டைக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே இருட்டு. கண்ணாடியில் அவள் முகம், நெற்றியில் விழுந்த நரை வரைக்கும், உதட்டின் சுருக்கம் வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது. விளக்கை அணைத்தது அவள் கைதான்.

"நல்லா நிதானமாத்தான் சொன்னே" என்றார் அண்ணன். "கண்ணாடியிலகூட ஒரு வார்த்தை தப்பலை."

"அண்ணா, நான்..."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் கிட்டே போய், கையைப் பிடித்து, அண்ணா அண்ணா என்று பல தடவை கூப்பிட்டாள். மூன்று வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரி நடைவழியில் கூப்பிட்டதைவிட உரக்கவே கூப்பிட்டாள். அவர் கண்ணைத் திறக்கவில்லை.